மூடியில் இருந்த ஊசித்துளை

தாம்பூய்ப் பேட்டைப் பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள் பொழுது சாய்ந்ததும் செய்கிற முதல் வேலை ஸ்கூட்டரை வீட்டுக்குள் தள்ளுவதுதான். முற்றத்தில் விட்டால் விடிந்ததும் எண்ணெய்க் கறைதான் மிச்சம். பாய்க்கு இந்தப் பக்கம் பெண்டாட்டி, அந்தப் பக்கம் ஸ்கூட்டர் என்று வாகடூகு நகரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் தூங்குகிறார்கள்.

தாசெரே நிக்கியெமாவும் அப்படித்தான். அவன் வெல்டர், இரும்புக் கதவும் ஜன்னலும் அடிக்கிறவன். பட்டறை மூன்று தெரு தள்ளி இருந்தது. ஸ்கூட்டருக்கு என்ன வந்தாலும் முற்றத்து வேப்பமரத்தடியில் தானே பிரித்துத் தானே பூட்டுவான். "மெக்கானிக்கிட்ட ஆட்டக் குடுத்தா பூனையாத்தான் திரும்பி வரும்" என்பான். அந்தக் கர்வத்தில் தப்பில்லை. அவன் கை அப்படிப்பட்ட கை.

அவன் பெண்டாட்டி பீபாத்தா கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதத்திலிருந்து பெட்ரோல் வாடை அவளுக்கு ஆகவில்லை. ஸ்கூட்டர் உள்ளே வந்தால் அவள் வாசலுக்கு ஓடி வாந்தியெடுப்பாள். அதற்காக வண்டியை வெளியே நிறுத்த முடியுமா? தாசெரே சீட்டைத் தூக்கி, டாங்கின் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. ஓட்டையைக் கண்டால் வெல்டரின் கை சும்மா இருக்குமா? சலவை சோப்பில் ஒரு துணுக்கைக் கிள்ளி, எச்சில் தொட்டுப் பிசைந்து, துளைக்குள் அழுத்தித் தேய்த்து மூடினான். அன்றிலிருந்து வாடை நின்றது. "இப்பத்தான் எனக்கு மூச்சே வருது" என்றாள் பீபாத்தா. அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த முற்றத்தில் மாத்தியாஸ் தோயே இருந்தான். கொத்தனார். ஒவ்வொரு கையும் உலக்கை கனம் இருக்கும். தாசெரே மோஸி, தோயே சாமோ. இந்த இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலிமுறை. ஒருவனை ஒருவன் அடிமை என்பான், திருடன் என்பான், செத்த வீட்டில்கூட வாய்க்கு வந்தபடி ஏசுவான், யாரும் கோபப்படக் கூடாது. ஒருவன் சொட்டு ரத்தம்கூட இன்னொருவன் கையால் மண்ணில் விழக் கூடாது. சாயங்காலம் பீபாத்தா கம்பங்களியை வெண்டைக்காய்ச் சாற்றோடு முற்றத்தில் வைத்தால், தோயே கூப்பிடாமலே வந்து குந்தி, கையைக் கழுவினானோ இல்லையோ, சட்டியின் இடது பாதியைத் தின்று தீர்ப்பான்.

"நாய்த்தலை தின்னி, உங்க வீட்டுல சோறே இல்லையா?" என்பான் தாசெரே. சாமோக்களுக்கு மோஸிகள் வைத்த பழைய கேலிப்பெயர் அது.

"அடிமை வீட்டுச் சோறும் எஜமான் சோறுதாண்டா. கொஞ்சம் நகந்து ஒக்காரு" என்பான் தோயே.

பத்து வருஷமாக இதே பேச்சு. சட்டியில் வலது பாதிக்கு மேல் தாசெரே கை வைத்ததில்லை.

மாதம் நிறைந்தது. ஜனவரிப் புழுதிக் காற்று ஊரை மூடியிருந்தது. தாசெரே அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தான். தினமும் தெருமுனையில் ஒரு பாட்டில் பெட்ரோல் வாங்கி ஊற்றுகிறவன், அன்று பெட்ரோல் பங்க்குக்குப் போய் டாங்கை விளிம்பு வரை நிரப்பினான். பிள்ளை எந்த நேரத்தில் வருமோ, வண்டி தயாராக இருக்க வேண்டாமா?

சாயங்காலம் தோயே வந்து ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்தான்.

"டாங்க் நெறச்சிட்டியாமே? பெரிய ஆளுடா நீ. இரு, நீ குளிக்கப் போனதும் அதுல மூத்திரம் பெஞ்சு வைக்கிறேன். வண்டி ரோட்டுல நிக்கட்டும், புள்ள ரோட்டுல பொறக்கட்டும். ரோட்டுல கெடக்குறதெல்லாம் சாமோவுக்குத்தான் சொந்தம்."

"மூத்திரம் பெய்யவும் துப்பு வேணும்டா" என்று சொல்லிவிட்டுத் தாசெரே வாளியோடு போனான். திரும்பி வந்தபோது ஸ்கூட்டர் பக்கத்தில் குனிந்திருந்த தோயே நிமிர்ந்து, பல்லைக் காட்டிவிட்டுப் போனான்.

விடியும்போது பீபாத்தாவுக்கு வலி கண்டது. பக்கத்துப் பிரசவ மருத்துவமனையில் தாதி கையை உள்ளே விட்டுப் பார்த்து முகம் மாறினாள். கால் முன்னால் வருகிறது, உதிரமும் போகிறது. "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே" என்றாள். ஆம்புலன்ஸ் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஒன்பது கிலோமீட்டர். தாசெரே பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்து, அவள் இடுப்புத் துணியைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

நாலாவது கிலோமீட்டரில் ஸ்கூட்டர் விக்கியது. இருமியது. நின்றது.

உதைத்தான். பத்து உதை, இருபது உதை. சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்தான், பெட்ரோல் தளும்பியது. மூடிவிட்டு உதைத்தான், எடுத்தது. கடவுளே என்று ஓட்டினான். இரண்டு கிலோமீட்டர் போய் மறுபடி விக்கி நின்றது. மறுபடி திறந்தான், மூடினான், உதைத்தான், எடுத்தது. மூன்றாவது முறை நின்றபோது மூடியைத் திறக்கவும் தோன்றாமல் அவன் கிக்கரை உதைத்த உதையில் கெண்டைக்கால் கிழிந்து செருப்பில் ரத்தம் வழுக்கியது. பீபாத்தா சாலையோரப் புழுதியில் சுருண்டு, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அலறினாள். போகிற டாக்சியெல்லாம் நிறைந்து போயிற்று. கடைசியில் ஒரு கிழட்டு டாக்சிக்காரன் இருந்தவர்களை இறக்கிவிட்டு அவளை ஏற்றினான்.

ஆண் பிள்ளை. தலை வெளியே வராமல் கழுத்து இறுகிச் செத்துப் பிறந்தது. "அரைமணி முன்னாடி வந்திருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று மதியமே புதைத்தார்கள். குழி தாசெரேயின் கை நீளம்கூட இல்லை.

மூன்றாம் நாள் பீபாத்தா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தாள். தாசெரே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். தின்னவில்லை, அழவில்லை, யாரோடும் பேசவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் நின்றது? அவனுக்குள் அந்த ஒரு கேள்விதான் ஆணி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது தோயே வந்தான். துக்க வீட்டில் கேலிமுறைக்காரனுக்கு ஒரு கடமை உண்டு. சோகத்தில் கல்லாகிப்போனவனை அவன் வந்து சீண்ட வேண்டும். இவன் எழுந்து துரத்த, அவன் அலறி ஓட, முற்றம் சிரிக்கும். அந்தச் சிரிப்போடு சேர்ந்து துக்கக்காரனுக்கும் அழுகை உடைந்துகொண்டு வரும். தோயே வாசலிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"ஏண்டா அடிமை, எஜமான் வந்திருக்கேன், எந்திரிக்க மாட்டியா?"

தாசெரே பார்க்கவில்லை.

"வண்டியவே மொறச்சிட்டிருந்தா அது பேசுமா? அது ஏன் நின்னுச்சுன்னு என்னக் கேளு, நான் சொல்றேன்."

தாசெரே தலையைத் தூக்கினான். "ஏன் நின்னுச்சு?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல. நீ குளிக்கப் போனப்ப டாங்க் நெறைய பெஞ்சுட்டேன். இப்ப என்னடா பண்ணுவ? அடிக்கிறியா? வா, அடி பாப்போம்!"

பாயில் இருந்த பெண்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பாடா, தோயே வந்துவிட்டான் என்கிற சிரிப்பு.

தாசெரே எழுந்தான். கையில் சக்கரம் கழற்றுகிற நீள ஸ்பானர் இருந்தது. முதல் அடி தோயேயின் தோளில் விழுந்தது. "ஐயோ கொலை! அடிமை எஜமானக் கொல்றான்!" என்று தோயே கத்தி, கூத்தாடி மாதிரி தரையில் உருண்டான். முற்றம் இன்னும் பலமாகச் சிரித்தது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. பல் இரண்டு தெறித்து மண்ணில் விழுந்தன. சிரிப்பு நின்றது.

"டேய், நெசமாவாடா?" என்றான் தோயே. வாயெல்லாம் ரத்தம். அவன் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் இருந்தது.

மூன்றாவது அடி இடது கண்ணில் இறங்கியது. எலும்பு நொறுங்குகிற சத்தம் பாயில் இருந்தவர்களுக்கே கேட்டது. தாசெரே அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து அடித்தான். விலாவில், கழுத்தில், காதில். "எம் புள்ளடா! எட்டு வருஷம்டா!" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கத்தல். தோயே நினைத்திருந்தால் ஒரே கையால் அவனைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கலாம். அந்தக் கை எழவில்லை. மோஸி ரத்தம் தன் கையால் விழக் கூடாது என்று கடைசி வரை இரண்டு உள்ளங்கையையும் மண்ணோடு மண்ணாக அழுத்திக்கொண்டே கிடந்தான்.

ஆண்கள் நாலு பேர் இழுத்தும் தாசெரேயை அசைக்க முடியவில்லை. ஒருவன் விரலை அவன் கடித்துப் பிய்த்தான். பீபாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "விட்ருங்க! அவர விடுங்க!" என்று மேலே விழுந்து ஸ்பானரைப் பிடித்தாள். யார் என்று பார்க்காமலே அவன் முழங்கையால் அவளை உதறினான். மூன்று நாள் பிள்ளைப் புண்ணோடு அவள் மல்லாக்க விழுந்தாள். அவள் துணி சிவந்ததைக் கண்ட பிறகுதான் அவன் கை நின்றது.

வீட்டுக்கார ஹாஜி தடியை ஊன்றிக்கொண்டு ஓடி வந்தார். மண்ணில் ஊறுகிற ரத்தத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாவி! கேலிமுறைக்காரன் ரத்தத்த மண்ணுல விட்டுட்டியே! போ, அது காயறதுக்குள்ள அவன் கால்ல விழு!"

"இவன்தான் பெட்ரோல்ல கலந்தான் ஹாஜி. இவன் வாயாலயே சொன்னான். நிரூபிக்கிறேன். அப்புறம் யார் கால்ல யார் விழறதுன்னு பாக்கலாம்."

"வெளயாட்டுக்குச் சொன்னதுக்கு நிரூபணமா? ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சாடா?"

தோயேயின் பெண்டாட்டி பெர்னாதெத் புருஷன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவள் அழவில்லை. "பிரி" என்றாள் தாசெரேயைப் பார்த்து. "உன் வண்டியப் பிரிச்சு ஒவ்வொண்ணாப் பாரு. அன்னைக்குச் சாயங்காலம் என் புருஷன் அதுகிட்ட என்ன பண்ணினாருன்னு உன் கண்ணாலயே பாரு."

தோயேயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பீபாத்தாவைப் பெண்கள் உள்ளே கிடத்தினார்கள். முற்றம் காலியானது. தாசெரே கையைக்கூடக் கழுவாமல் ஸ்கூட்டரைப் பிரிக்க உட்கார்ந்தான்.

முதலில் பெட்ரோல். முழு டாங்கையும் தகர டப்பாவில் இறக்கி, அடியில் தங்கியதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தான். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகக் கோடு கட்டி நிற்கும். கோடு இல்லை. மோந்து பார்த்தான். நாக்கில் வைத்தும் பார்த்துத் துப்பினான். சுத்தமான பெட்ரோல்.

"எங்கடா ஒளிச்ச?" என்று பாட்டிலைச் சுவரில் எறிந்து உடைத்தான்.

பிளக்கைக் கழற்றினான். முனை நல்ல செங்கல் நிறத்தில் இருந்தது. அதை என்ஜின் உடம்போடு ஒட்டி வைத்துக் கிக்கரை மிதித்தான். நீலமாய்ப் பொறி பறந்தது. கார்புரேட்டரைப் பிடுங்காத குறையாகக் கழற்றி, கிண்ணத்தைக் கவிழ்த்தான். மணல் இல்லை, சீனி இல்லை. பெட்ரோல் வருகிற சிறு துளையில் வாயை வைத்து ஊதினான், காற்று தடையில்லாமல் போயிற்று. காற்று வடிகட்டியில் கொஞ்சம் புழுதி, அவ்வளவுதான். பெட்ரோல் குழாய் மடியவில்லை, ஒயர் அறுபடவில்லை. ஒவ்வொரு உறுப்பும் குற்றமில்லை, குற்றமில்லை என்று சாட்சி சொன்னது. ஸ்பானர் நழுவி விரல் முட்டி பெயர்ந்ததும் அவனுக்குத் தெரியவில்லை. தோயே ரத்தமும் அவன் ரத்தமும் ஒரே கைப்பிடியில் பிசுபிசுத்தன.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, பெட்ரோலை விளிம்பு வரை ஊற்றி மூடினான். நடு ஸ்டாண்டில் நிறுத்தி உதைத்தான். முதல் உதையிலேயே எடுத்தது.

முறுக்கிப் பிடித்தான். பின்சக்கரம் அந்தரத்தில் பறந்தது. அப்போதுதான் பார்த்தான். அந்தச் சக்கரத்தில் தினமும் காற்று இறங்கும், தினமும் காலையில் அவன்தான் அடிப்பான். பிள்ளை வந்த அன்று விடியலில் அடிக்க மறந்தே போயிருந்தான். ஆனாலும் அன்று ஓடிய தூரம் முழுக்க டயர் அமுங்கவே இல்லை. இப்போதும் கல் மாதிரி இருந்தது. வால்வில் புது ரப்பர், மேலே புது மூடி. அவன் போட்டதில்லை அது.

இதற்காகத்தான் அன்று தோயே குனிந்திருந்தானா? இரண்டு பேரைச் சுமந்து போகிற வண்டியாயிற்றே என்று, சொல்லாமல் வந்து வால்வு மாற்றிக் காற்றடித்துவிட்டுப் போயிருக்கிறான். சொன்னது மூத்திரம் என்று.

தாசெரேக்கு முறுக்கிய கையை விடத் தோன்றவில்லை. ஸ்கூட்டர் பத்து நிமிஷம் கத்தியது, பதினைந்து நிமிஷம் கத்தியது. அப்புறம் விக்கியது. இருமியது. நின்றது. சாலையில் நின்ற அதே மாதிரி.

சீட்டைத் தூக்கினான். மூடி திறக்க மறுத்தது. உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் இருந்தது. பல்லைக் கடித்துத் திருகினான். ஸ்ஸ்ஸ் என்று நீளமாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டு டாங்க் திறந்தது.

"இந்தச் சத்தந்தான்." பீபாத்தா வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. "ரோட்டுல நீங்க தெறந்தப்பவும் இதே சத்தந்தான் கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும்."

அவன் மூடியைத் திருப்பினான். நடுவில் சோப்பு, கெட்டிப்பட்டு வெள்ளையாக, ஒழுங்காக, அவன் விரல் ரேகையோடு இருந்தது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று நுழைய வேண்டும். நுழைய வழியில்லாவிட்டால் பெட்ரோலும் இறங்காது. பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம். பட்டறைக்குப் போய்வருகிற மூன்று தெருவிலும், தினமும் திறந்து ஊற்றுகிற ஒரு பாட்டிலிலும் அது வெளியே தெரியவில்லை. முழு டாங்கும் நீண்ட பாதையும் சேர்ந்தபோது ஸ்கூட்டருக்கு மூச்சு அடைத்தது. ஸ்கூட்டருக்கு மட்டுமா?

பீபாத்தா மூடியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். சோப்பு யாருக்காக வைத்தது என்று அவளுக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாசெரே தன் நெற்றியை ஸ்கூட்டரின் இரும்பில் மோதினான். ஒரு முறை, இரண்டு முறை, தோல் பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கும் வரை மோதினான். அப்புறம்தான் அழுகை வந்தது. மூன்று நாளாக வராத அழுகை. அதை வரவைக்க வந்தவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

தோயேக்கு இடது கண் போய்விட்டது. போலீஸ் என்று யாரோ சொன்னபோது அவனே வேண்டாம் என்றுவிட்டான். பத்து நாள் கழித்து வீடு திரும்பினான். அன்று காலை தாசெரே, மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கொண்டுபோகிற வெள்ளைக் கோழியும் கோலாக் கொட்டையும் எடுத்துக்கொண்டு ஹாஜியோடு அடுத்த முற்றத்துக்குப் போனான். கையில் அந்த மூடி இருந்தது.

தோயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. தாசெரே மண்ணில் விழுந்து மூடியை அவன் காலடியில் வைத்தான்.

"நான்தான் அடச்சேன். என் கையால நான்தான். எம் புள்ளயக் கொன்னது நான். உன் கண்ணையும் பறிச்சிட்டேன்."

தோயே மூடியை எடுத்து, இருக்கிற ஒரு கண்ணால் பார்த்தான்.

"எழுந்திருங்க, நிக்கியெமா" என்றான். "நடந்தது நடந்துபோச்சு. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல. உங்க புள்ளைக்காக ரொம்ப வருத்தப்பட்டேன்."

"அப்படிப் பேசாதடா" என்று தாசெரே அவன் காலைப் பிடித்துக்கொண்டான். "அடிமைன்னு சொல்லு. திட்டு. மூஞ்சில துப்பு. ஏதாச்சும் சொல்லுடா நாய்த்தலை தின்னி!"

தோயே மெதுவாகக் காலை விடுவித்துக்கொண்டான். கோழியை வாங்கிக்கொண்டான், கோலாக் கொட்டையை ஹாஜியோடு பிட்டுத் தின்றான். "பெர்னாதெத், விருந்தாளி வந்திருக்காங்க, தண்ணி குடு" என்றான். அவள் சுரைக் குடுவையில் கம்பு மாவு கரைத்த தண்ணீரைக் கொண்டு வந்தாள். வெளியூர்க்காரன் வந்தால் கொடுக்கிற முதல் மரியாதை அது. பத்து வருஷத்தில் அந்த வீட்டில் தாசெரேக்கு யாரும் அதைக் கொடுத்ததில்லை. தோயே குடுவையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான். தாசெரே வாங்கிக் குடித்தான்.

"அல்லாவுக்கு நன்றி, எல்லாம் சமாதானமாயிடுச்சு" என்றார் ஹாஜி.

அன்று சாயங்காலம் பீபாத்தா கம்பங்களிச் சட்டியை முற்றத்தில் வைத்தாள். தாசெரே வலது பாதியைத் தின்றுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தோயே யாரோடோ பேசுகிற குரல் கேட்டது. பொழுது சாய்ந்து, களி ஆறி ஆடை கட்டியது. பீபாத்தா வந்து இடது பாதியை வழித்தெடுத்துக் கோழிகளுக்குப் போட்டாள்.